கணக்கில் வராத குழாய்

புக்கரெஸ்ட்
18 செப்டம்பர் 2005

அக்கா,

நான் கூப்பிட்டால் போனை எடுக்கிறாய், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். கிழிப்பதற்கு முன் ஒரு தடவையாவது கண்ணை ஓட்டுவாய் என்று நம்புகிறேன்.

மச்சான் கத்தியபோது நானும் கத்தியது தப்பு. உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறியது அதைவிடத் தப்பு. ஆனால் நான் சொன்ன விஷயம் தப்பில்லை. அன்று உன் சமையலறையில் யாரும் என்னை முழு வாக்கியம் பேசவிடவில்லை. இப்போது பேசுகிறேன்.

வசந்தத்துக்குள் எரிவாயுச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. குறையாவிட்டால் நம் கர்லோமான் ஆலையில் விதையிலிருந்து எண்ணெய் எடுப்பது நின்றுவிடும். விதை சேர்த்துவைக்கும் குதிர்கள் மட்டும் மிஞ்சும். இது மிரட்டல் இல்லை, முடிவு. என்னை அனுப்பியதே அதைத் தடுக்க வழி இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

வழி இருக்கிறது. அந்த ஆலை நடக்கிற விதம் ஒரு அசட்டுத்தனம். சூரியகாந்தி விதையின் தோலை லாரி லாரியாகக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டிவிட்டு, எரிவாயுவை விலைக்கு வாங்கி எரிக்கிறார்கள். தோலையே எரிக்கலாம். பிண்ணாக்கு உலர்த்தியிலிருந்து வரும் சூட்டை ஆற்றுத் தண்ணீரில் குளிரவைத்து வீணாக்குகிறார்கள். அதைக் கொண்டு எண்ணெய்க் கரைசலைச் சூடாக்கலாம். நீராவிக் குழாய்களில் பாதிக்குச் சூடு காக்கும் போர்வையே இல்லை. மழை பெய்தால் ஆலை முழுக்கப் புகைகிறது.

இனி அந்தக் குழாய். கொதிகலன் தரும் நீராவியை நூறு என்று வைத்துக்கொள். ஆலைக்குள் செலவாவதை எல்லாம் அளந்து கூட்டினால் மார்ச்சில் எண்பத்தெட்டுதான் வந்தது. செப்டம்பரில் மறுபடி அளந்தேன், நூறும் வந்தது. குளிர்காலத்தில் மட்டும் ஒழுகுகிற ஓட்டை உலகத்தில் எங்காவது உண்டா? தேடினேன். செக்குக்கூடத்தின் பின்னால் ஒரு குழாய் கிளம்பி, வேலிக்கு அடியில் புகுந்து, நம் குடியிருப்பின் நாலு கட்டடங்களுக்கும் போகிறது. எந்த வரைபடத்திலும் இல்லை. நம் வீட்டுச் சூடு நகராட்சி தருவது என்றுதான் இருபத்தாறு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதை என் அறிக்கையில் "இழப்பு" என்று எழுதியதற்குத்தான் மச்சான் மேசையைத் தட்டினார். "அது ஒழுகல் இல்லடா, அது வீடு!" என்றார். எனக்குத் தெரியாதா? ஆனால் கணக்கு நூறு வர வேண்டும்.

கலின்


கர்லோமான்
29 செப்டம்பர் 2005

தம்பி கலினுக்கு,

கிழிக்கவில்லை. எடைமேடை அறையில் உட்கார்ந்து படித்தேன். வெளியே விதை லாரிகள் கோவில் வரை நிற்கின்றன. ஒருத்தன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். "என் தம்பி லெட்டர் போட்டிருக்கான், செத்த நேரம் கம்முனு இருடா" என்றேன். "தம்பியா, அந்தக் கணக்குப்பிள்ளையா?" என்றான். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

நூறு வர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நானும் நாள் முழுக்க எடைபோடுகிறவள்தான், நூறு எனக்கும் தெரியும். லாரிக்காரன் டயரில் ஒட்டிய சேற்றையும் சேர்த்துத்தான் எடை காட்டும். நான் கழித்துப் போடுவேன். எவனும் என்னைக் கேட்டதில்லை.

ஜனவரி மாதம் பனியனோடு உட்கார்ந்து நுழைவுத் தேர்வுக்குப் படித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "ரொம்ப வேகுதுக்கா" என்று ஜன்னலைத் திறந்துவிடுவாய். அது யார் வீட்டு நீராவி என்று அப்போது கேட்டாயா? கேட்டிருக்க வேண்டாம், சின்னப் பையன். இப்போது கேட்டுவிட்டாய். சரி, கேட்டதோடு நிறுத்திக்கொள்.

எத்தனையோ டைரக்டர்கள் வந்து போனார்கள். எல்லாருக்கும் அந்தக் குழாய் தெரியும். ஒருத்தரும் அதைக் காகிதத்தில் ஏற்றவில்லை, அதுதான் இங்கே வழக்கம். உன் மச்சான் சொல்கிறார்: "எழுதாத வரைக்கும் அது இருக்கும். எழுதிட்டா போயிடும்." அவர் பெரிய ஞானி ஒன்றும் இல்லை, உனக்கே தெரியும். காலுறையை எங்கே கழற்றிப் போட்டோம் என்றுகூடத் தெரியாத மனுஷன். ஆனால் இதில் அவர் சொல்வது சரி.

ஒரே ஒரு வரி. அதை எடுத்துவிடு. அந்தப் பன்னிரண்டைப் போர்வை இல்லாத குழாய்களின் தலையில் கட்டிவிடு. மற்றதையெல்லாம் நீ சொன்னபடி செய்யட்டும். தோலை எரிக்கட்டும், சூட்டைப் பிடிக்கட்டும். யார் வேண்டாம் என்றது?

ஒழுங்காகச் சாப்பிடு. வற்றிப் போயிருக்கிறாய்.

ஸ்மராந்தா


புக்கரெஸ்ட்
6 அக்டோபர் 2005

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். முன்னால் வந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். போர்வையின் தலையில் கட்டினால், போர்வை போட்ட பிறகும் அந்தப் பன்னிரண்டு குறையாது. அப்போது மொத்தக் கணக்கும் பொய் என்பார்கள். ஆலையை மூட அதைவிட நல்ல சாக்கு வேண்டுமா?

ஆனால் நீ நினைக்கிற மாதிரி குழாயை வெட்டு என்று நான் எழுதவில்லை. குடியிருப்புக்கு வேறு கொதிகலன் வைத்துக் கொடுத்த பிறகுதான் அதை மூட வேண்டும் என்று நிபந்தனை எழுதியிருக்கிறேன். தடித்த எழுத்தில். என் மேலதிகாரி அங்கெலெஸ்கு படித்துவிட்டுத் தலையாட்டினார்.

எழுதாத வரைக்கும் இருக்கும் என்கிறார் மச்சான். எழுதாமல் இருப்பதை எவன் வேண்டுமானாலும் ஒரு நாள் பிடுங்கிக்கொள்ளலாம். எழுதியிருந்தால் அது உரிமை. இதை அவரிடம் சொல். காலுறை கதையையும் நான் மறக்கவில்லை என்று சொல்.

கலின்


கர்லோமான்
3 நவம்பர் 2005

கலின்,

புனித துமித்ரு நாள் எப்படி இருந்தது என்று சொல்கிறேன், கேள்.

குளிர்காலத்துக்காக அன்றுதான் குடியிருப்புக்கு நீராவி வால்வைத் திறப்பார்கள் என்று உனக்குத் தெரியும். உன் மச்சான் பெத்ராக்கே, கொதிகலன்காரர் என்ற மிடுக்கோடு, முகம் மழித்து, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நாங்கள் வழக்கம்போல ஆளுக்கொரு கரண்டியோடு ரேடியேட்டர் பக்கத்தில் நின்றோம். யார் வீட்டில் முதலில் சூடு தட்டுகிறதோ அவர்கள் குழாயைத் தட்ட, மேல்வீட்டுக்காரர்கள் தட்ட, நாலு கட்டடமும் கலகலவென்று ஆகும். சின்ன வயதில் நீ என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்குவாய்.

நின்றோம். மூன்றாம் மாடி ஓல்தியா அம்மா கீழே குனிந்து கத்தினார்: "ஸ்மராந்தா, உன் புருஷன் வால்வைத் திறக்கப் போனானா, பாட்டிலைத் திறக்கப் போனானா?" எல்லாரும் சிரித்தோம். அப்புறம் அவர் வந்தார். சட்டை முழுக்கத் துரு. "சக்கரம் சுத்துது. ஒண்ணும் வரல. பின்னால போய்ப் பார்த்தேன். குழாய்க்கு நடுவுல புதுத் தகடு வெச்சு அடைச்சு போல்ட் போட்டுட்டானுங்க" என்றார். வெளியூர் ஆட்கள் முந்தின நாளே வந்து செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

டைரக்டரிடம் எல்லாரும் போனோம். அவர் உன் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். "என்கிட்ட ஏன் கத்துறீங்க? கையெழுத்தைப் பாருங்க. உங்க கட்டடத்துல பொறந்த பையன்தான்" என்றார்.

நிபந்தனை என்று ஏதோ இருக்குமே என்று கேட்டேன். பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது சிபாரிசும்மா. சிபாரிசுக்கெல்லாம் பணம் ஒதுக்க மாட்டாங்க" என்றார்.

திரும்பி வரும்போது யாரும் என்னோடு பேசவில்லை. ஓல்தியா அம்மா மட்டும் பேசினார். "உன் தம்பி பாஸ் ஆனப்ப வால்நட் கேக் செஞ்சது நான்தானே? திருப்பித் தரச் சொல்லு."

ஸ்மராந்தா


புக்கரெஸ்ட்
20 நவம்பர் 2005

அக்கா,

அங்கெலெஸ்கு மேசை முன்னால் நின்று கத்தினேன். "நிபந்தனைன்னு எழுதியிருக்கேன், படிக்கத் தெரியாதா?" என்றேன். அவர் காபியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "தம்பி, இழப்பைக் கண்டுபிடிக்கிறது உன் வேலை. அந்த ஜனங்க எங்க வேலை இல்ல. நகராட்சியைக் கேக்கச் சொல்லு." நகராட்சியிடம் கேட்டேன். ஆலையின் குழாய் ஆலையின் பொறுப்பு என்கிறார்கள். அப்படி ஒரு குழாய் இருந்ததாகத் தங்களிடம் பதிவே இல்லையாம்.

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் தோல் எரிக்கும் கொதிகலன் வேலையை வேறு எவனாவது எடுப்பான், இழுத்தடிப்பான், வசந்தம் வந்துவிடும், ஆலையை மூடிவிடுவார்கள். அதனால் விடவில்லை. நீ இதை எப்படி எடுத்துக்கொள்வாய் என்று தெரியும்.

ஜனவரியில் கொதிகலன் வரும். செங்கல் கட்டி நிறுத்தினால் அடுத்த கோடை ஆகிவிடும் என்றார்கள். எனக்குப் பொறுமை இல்லை. இரும்புச் சட்டத்தில் முழுசாகப் பொருத்தியே கொண்டுவரச் சொல்லிவிட்டேன். லாரியில் வரும், இறக்கி வைத்துக் குழாயை இணைத்தால் போதும். சூட்டைப் பிடிக்கும் கருவியும் அப்படித்தான். இரண்டும் ஓடினால் ஐந்தில் ஒரு பங்கு என்ன, அதற்கு மேலேயே குறையும். ஆலை பிழைக்கும். பிழைத்த ஆலையிடம் குடியிருப்புக்குக் கொதிகலன் கேட்கலாம். செத்த ஆலையிடம் எதைக் கேட்பது?

இந்த ஒரு குளிர்காலம் பல்லைக் கடித்துக்கொள். மின்சார அடுப்பு ஒன்று அனுப்புகிறேன்.

கலின்


கர்லோமான்
12 பிப்ரவரி 2006

தம்பி,

அடுப்பு வந்தது. போட்டதும் கட்டடத்தின் ஃபியூஸ் போய்விட்டது. எல்லாரும் ஆளுக்கொன்று வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது சமையலறையில்தான் வாழ்க்கை. மற்ற அறைக் கதவுகளைப் போர்வை போட்டு அடைத்துவிட்டோம். பாதி வீடுகளில் தகர அடுப்பு வைத்து, ஜன்னல் கண்ணாடியை எடுத்துவிட்டுப் புகைக்குழாயை வெளியே விட்டிருக்கிறார்கள். ஓல்தியா அம்மா வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. கலாத்ஸில் இருக்கிற தங்கையிடம் போய்விட்டார். கேக்கைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உன் கொதிகலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெத்ராக்கே முதலில் அதன் பக்கமே போகவில்லை. "அந்தப் பெட்டி" என்பார். இப்போது அதைப் பற்றித்தான் பேச்சு. "கழுதை, அருமையா எரியுதுடி. சாம்பல் கைப்பிடி கூட இல்ல. பயல் படிச்சிருக்கான்" என்றார். அவர் வாயிலிருந்து உனக்கு இதற்கு மேல் வராது. எரிவாயு நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாம். டைரக்டர் முற்றத்தில் இறைச்சி சுட்டு, எல்லாருக்கும் பிளம் சாராயம் ஊற்றினார். "கர்லோமான் பிழைச்சுது!" என்று ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தார். நானும் ஒரு வாய் குடித்தேன். உண்மையில் சந்தோஷமாகத்தான் இருந்தது, கலின்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இந்த மாதம் விதை லாரிகள் என் மேடையில் தலைகீழாகப் போகின்றன. காலியாக உள்ளே வருகின்றன, விதையோடு வெளியே போகின்றன. எண்ணெய் இல்லை, பிண்ணாக்கு இல்லை, முழு விதை. சீட்டில் கான்ஸ்தான்ட்ஸா துறைமுகம் என்று போட்டிருக்கிறது. டிரைவரைக் கேட்டேன். "எனக்கென்னக்கா தெரியும், ஏத்துன்னா ஏத்துவேன்" என்றான்.

இப்படியே போனால் ஈஸ்டருக்குள் குதிர் காலியாகிவிடும். அது என்ன என்று உனக்குத் தெரியுமா?

ஸ்மராந்தா


புக்கரெஸ்ட்
9 ஏப்ரல் 2006

அக்கா,

அப்போது தெரியாது. விசாரித்தேன், மழுப்பினார்கள். இப்போது தெரியும். சுற்றிவளைக்கத் தெரியாது, நேராகச் சொல்கிறேன். மே மாதத்தோடு கர்லோமானில் எண்ணெய் எடுப்பது நிற்கிறது.

ஆலை நஷ்டத்தில் ஓடுவதால் இல்லை. நான் செய்தது நன்றாக வேலை செய்ததால். துறைமுகத்தில் இவர்களுக்கு இதைவிட நாலு மடங்கு பெரிய ஆலை இருக்கிறது. தோலை எரிப்பதும் சூட்டைப் பிடிப்பதும் உண்மையிலேயே பலன் தருமா என்று ஒரு சின்ன ஆலையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பலன் தந்தது. நாலில் ஒரு பங்கு மிச்சம் என்றால் பெரிய ஆலையில் எவ்வளவு மிச்சம் ஆகும் என்று அங்கெலெஸ்கு பலகையில் எழுதிக் காட்டினார். அறை முழுக்கக் கைதட்டினார்கள். என்னையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள்.

புதிய கொதிகலனையும் கருவியையும் கழற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இரும்புச் சட்டத்தில் இருப்பதால் ஒரு கிரேன் போதும். செங்கல் கட்டியிருந்தால் உடைக்காமல் எடுக்க முடியாது. எனக்கு அவசரம் இல்லாமல் இருந்திருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும். அது இருந்திருந்தால் ஆலையும் இருந்திருக்குமா என்று கேட்காதே. எத்தனையோ விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். விடை வரவில்லை.

அங்கே அதை நிறுவும் பொறுப்பு எனக்கு. கொதிகலனுக்கு ஆள் கேட்டார்கள். மச்சான் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அதை இயக்கத் தெரிந்தவர் நாட்டிலேயே அவர் ஒருத்தர்தான் என்றேன். தங்க இடம் தருவார்கள். நீயும் வரலாம்.

கலின்


கர்லோமான்
24 செப்டம்பர் 2006

கலினுக்கு,

இத்தனை மாதம் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. எழுத ஒன்றும் இல்லை.

இது மறுபடி அறுவடைக் காலம். லாரிகள் போன வருஷம் போலவே கோவில் வரை நிற்கின்றன. எடைபோடுகிறேன். விதை குதிருக்குப் போகிறது, குதிரிலிருந்து துறைமுகத்துக்குப் போகிறது. ஆலையில் ஒரு சத்தமும் இல்லை. அறுவடை முடிகிற வரைக்கும்தான் எனக்குச் சம்பளம். நம் கட்டடத்தில் ஆறு வீட்டில் ஆள் இருக்கிறது. தண்ணீரும் நின்றுவிட்டது. இன்னொரு குளிர்காலம் இங்கே என்னால் முடியாது. அக்டோபரில் நாலைந்து பெண்களோடு ஸ்பெயினுக்கு, ஹுவெல்வாவுக்குப் போகிறேன். ஸ்ட்ராபெரி நடுகிற வேலை. துறைமுகத்துக்கு வரவில்லை. அங்கே வேலைக்குப் போன பெத்ராக்கேயின் அறையில் ஒரு கட்டிலுக்குத்தான் இடம், அதுவும் ஷிப்ட் முறையில் இன்னொருத்தனோடு.

போனில் அவர் உன்னைப் பற்றி நல்லபடியாகவும் சொல்வதில்லை, கெட்டபடியாகவும் சொல்வதில்லை. "என் தம்பி எப்படி இருக்கான்?" என்றேன். "இன்ஜினியர் ஐயாவா? நல்லா இருக்காரு" என்றார். நான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாதே என்று அவர் சத்தியம் வாங்கினார். அந்தத் துறைமுக ஆலையிலும் ஒரு குழாய் இருக்கிறதாம். பண்டகசாலைக்குப் பின்னால், சுமைதூக்கிகளின் பழைய விடுதிக்குப் போகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, போக்கிடம் இல்லாத கிழவர்கள் இருக்கிறார்கள். வரைபடத்தில் இருக்காது. குளிர் வந்ததும் உன் கணக்கு நூறு வராது.

நீ என்ன செய்வாய் என்று பார்க்க வேண்டும் போல் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன்.

ஸ்மராந்தா


கான்ஸ்தான்ட்ஸா
17 டிசம்பர் 2006

அக்கா,

நீ சொன்னபடியே ஆயிற்று. நவம்பரில் அளந்தபோது நூற்றில் ஆறு குறைந்தது. போய்ப் பார்த்தேன். விடுதியில் ஒரு கிழவர் கால்சட்டையை ரேடியேட்டர் மேல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "யாருப்பா நீ, மீட்டர் பார்க்கிறவனா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அறிக்கையில் "அளவுமானிப் பிழை, ஆறு" என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் தெரிந்தே எழுதிய முதல் பொய்க் கணக்கு. எழுதிவிட்டு நன்றாகத் தூங்கினேன். மச்சானிடம் போய்ச் சொன்னேன். அவர் அழுத்தமானியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சரிங்க ஐயா" என்றார்.

மூன்று வாரம் நின்றது அந்தப் பொய். அப்புறம் அங்கெலெஸ்கு புது ஆள் ஒருவனை அனுப்பினார். பெயர் ஸெவெர். படிப்பை முடித்து ஆறு மாதம் ஆகவில்லை. குழாயை வெட்டாமலே, மேலே கவ்வவைத்து ஓட்டத்தை அளக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தான். வேகமாகப் பேசுகிறான், யாரையும் வாக்கியத்தை முடிக்க விடுவதில்லை. கெட்டிக்காரன். "இன்ஜினியர் சார், உங்க மீட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. ஆறும் இந்தக் குழாய்லதான் போகுது. எப்படிக் கவனிக்காம விட்டீங்க?" என்றான். நல்ல மனதோடுதான் கேட்டான். விடுதிக்கு வேறு ஏற்பாடு செய்த பிறகு மூட வேண்டும் என்று அவனும் எழுதியிருக்கிறான். எழுதிவிட்டதால் நடக்கும் என்று நம்புகிறான். 

நேற்றுக் காலை உத்தரவு வந்தது. இங்கே வெளியூர் ஆட்களைக் கூப்பிடவில்லை. கொதிகலன் ஷிப்டில் இருப்பவரே தகடு வைக்க வேண்டும். ஷிப்ட் மச்சானுடையது.

பண்டகசாலைக்குப் பின்னால் போனேன். மச்சான் தகட்டைச் செருகி, போல்ட்களைக் கையால் முடுக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார். அந்த போல்ட்களை ஒரு ஆளால் இறுக்க முடியாது அக்கா. இந்தப் பக்கம் நட்டைத் திருப்பினால் அந்தப் பக்கம் போல்ட்டின் தலையும் சேர்ந்து சுற்றும். ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அவருடைய உதவியாள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். அந்த விடுதியில் அவன் அப்பா இருக்கிறார்.

இரண்டு ஸ்பானர் தரையில் கிடந்தது. மச்சான் ஒன்றை எடுத்தார். மற்றதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

எடுத்தேன்.

"பிடிங்க ஐயா" என்றார். பிடித்துக்கொண்டேன்.

கலின்